ஏழாம் அத்தியாயம்: நொச்சிப் பக்கத்துக் குறிப்பேடு

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உயரம் என்னவென்று ஊராரைக் கேட்டால் தொள்ளாயிரம் அடி என்பார்கள். கோட்டையைப் பற்றிய பிரசுரங்கள் பலவும் அவ்வாறே அச்சிட்டு வருகின்றன. ஆங்கிலேயர் காலத்துக் கெஸட்டியரைப் புரட்டிப் பார்த்தாலோ, கடல்மட்டத்திலிருந்து 1,223 அடி என்றும், சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 280 அடி என்றும் காணப்படுகிறது. மூச்சு வாங்க அதன் படிகளில் பலமுறை ஏறி இறங்கியவன் என்ற முறையில் நான் கெஸட்டியரின் கட்சி. ஊரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி உயரத்தில் அமைந்திருப்பதால், ஊரின் உயரத்தை எவரோ ஒருவர் மலையின் உயரமாக எழுதிவிட, பின்வந்தோர் அதைப் பார்த்தே எழுதியிருக்கலாம் என்பது என் அனுமானம். அனுமானம் என்று சொல்லியே அதை இங்கே வைக்கிறேன். சமாதான காலத்தில், ஓடாமல் ஒளியாமல் ஊர் நடுவே நிற்கும் ஒரு பாறையைப் பற்றியே, 'எங்கிருந்து அளந்தது' என்ற ஒரு குறிப்பு விடுபட்டதனால் இத்தனை குழப்பம் நேருமானால், நாலாபுறமும் படை சூழ்ந்து, உணவு குறைந்து, இரவும் பகலும் குண்டு விழும் ஒரு நகரத்தில், அச்சத்தோடும் அரைத் தூக்கத்தோடும் எழுதப்படும் குறிப்புகளில் என்னென்ன விடுபடும் என்பதை யோசித்துப் பாருங்கள். நடந்துகொண்டிருக்கும் யுத்தத்தின் நடுவே, முற்றுகையிடப்பட்ட நகரத்துக்குள்ளிருந்து பிழையில்லாமல் குறிப்பெழுதுவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இந்த மலைக்கே அந்த அநுபவம் உண்டு. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கே வந்து அமர்ந்தது முதல், தென்னாட்டு யுத்தங்களில் திண்டுக்கல் கைமாறிக்கொண்டே இருந்தது. 1767இல் ஆங்கிலேயரின் கும்பினிப் படை அதைப் பிடித்தது. மறு ஆண்டே இழந்தது. 1783இல் மீண்டும் பிடித்தது. 1784இல் மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவுக்குத் திருப்பிக் கொடுத்தது. மூன்றாம் முறையாக 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் என்பவர் முற்றுகையிட்டார். மதிலில் ஏற முயன்ற படை முறியடிக்கப்பட்டது. ஆயினும் அதையடுத்துக் கோட்டைக்குள் இருந்தவர்களே சமாதானக் கொடி காட்டிச் சரணடைந்தார்கள். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் கும்பினிக்கே உரியதாயிற்று.

தாக்குதலை வென்றவர்கள் ஏன் சரணடைந்தார்கள்? தண்ணீர் தீர்ந்ததா, மருந்துப் பொடி தீர்ந்ததா, நெஞ்சுரம் தீர்ந்ததா, உள்ளே பிணக்கு உண்டாயிற்றா? முற்றுகையிட்டவர்களின் கடிதங்களும், அவற்றைக் கொண்டு பின்னாளில் எழுதப்பட்ட சரித்திரங்களும், பீரங்கி மேடை அமைந்த இடத்தையும் மதில் உடைந்த அளவையும் தங்கள் படையில் மாண்டவர்களையும் சொல்கின்றன. கோட்டைக்கு உள்ளே அந்த வாரம் ஒரு குடம் தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது, அடிவாரத்துப் பேட்டையில் குடியிருந்தவர்கள் எங்கே ஓடினார்கள், எந்தத் தெரு எரிந்தது என்பவற்றை உள்ளே இருந்த ஒருவர் வாயிலாகச் சொல்லும் ஏடு எதுவும் நம் ஊரில் வழங்கி வரவில்லை.

நம்முடைய இலக்கண நூலார் கோட்டைப் போரைப் பற்றிப் பேசியபோது, மதிலை வளைப்பவன் சூடும் பூவை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பவன் சூடும் பூவை நொச்சி என்றும் பிரித்து வைத்தார்கள். அந்தப் பெயர்களைக் கொண்டு சொன்னால், திண்டுக்கல் முற்றுகைகளைப் பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் உழிஞைச் சரித்திரம். நொச்சிச் சரித்திரம் எழுதப்படாமலே போயிற்று. சங்கப் புலவர்களோ அதில் குறை வைக்கவில்லை. ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி வளைத்துக்கொண்டிருக்க, நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தபோது, கோவூர் கிழார் அவன் முன் நின்று எடுத்துரைத்தவை வீர வசனங்கள் அல்ல. தீனி இல்லாத யானை, பால் இல்லாத குழந்தை, பூ இல்லாத கூந்தல், தண்ணீர் இல்லாத வீடு என்ற நிலவரங்களே. பறம்பு மலையை மூவேந்தர் சூழ்ந்தபோது, உழாமலே அங்கே விளையும் உணவு வகைகள் நான்கு என்று கபிலர் எண்ணிச் சொன்னதையும் நான் ஒரு கவியின் கற்பனையாக மட்டும் பார்ப்பதில்லை. முற்றுகைக்கு உட்பட்ட இடத்தின் கையிருப்புப் பட்டியலாகவே பார்க்கிறேன். முற்றுகையின் வாழ்வும் சாவும் கையிருப்பில் இருக்கிறது. ஆகவே குறிப்பேட்டின் முதற் பக்கம் அதற்கே உரியது.

மூன்று அளவைகளைக் கலவாதிருத்தல்

அளவை நூலார் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று வகுத்தார்கள். வடமொழியார் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்பார்கள். தத்துவ விசாரத்துக்கென்று ஏற்பட்ட இப்பிரிவு, குண்டு விழும் தெருவில் நின்று எழுதுபவருக்குப் பண்டிதரைக் காட்டிலும் அதிகமாகப் பயன்படும். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக்காக மூன்று பத்தியாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கண் கண்டது முதற்பத்தி. பிறர் சொல்லக் கேட்டது இரண்டாவது. அவ்விரண்டையும் வைத்து நீங்களாக ஊகித்தது மூன்றாவது. 'ஆஸ்பத்திரியின் மேல் குண்டு விழுந்தது' என்று ஒரே வாக்கியமாக எழுதத்தான் கை துடிக்கும். உண்மையில் நீங்கள் கண்டது, ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் எழுந்த புகை. கேட்டது, அவ்வழியே சைக்கிளில் வந்த ஒருவர் கூரை போய்விட்டது என்று சொன்னது. ஊகித்தது, அது பீரங்கிக் குண்டு என்பதும் இன்ன தரப்பு எறிந்தது என்பதும். மூன்றையும் மூன்றிடத்தில் எழுதிவிட்டால், நாளை ஒன்று பொய்த்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். ஒரே வாக்கியமாக எழுதிவிட்டாலோ, ஒன்று பொய்த்ததும் முழுவதும் பொய் என்று சொல்ல எதிரிக்கு வாய்ப்பாகிவிடும்.

கேள்விப் பத்தியில் செய்தி எத்தனை கை மாறி வந்தது என்பதையும் குறிக்க வேண்டும். தானே பார்த்தவர் சொன்னாரா, பார்த்தவர் சொன்னதைக் கேட்டவர் சொன்னாரா என்பதற்கு ஒரு கோடு, இரு கோடு என்று அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். வதந்தியையும் விலக்க வேண்டாம். நகரத்தில் இன்று என்ன வதந்தி உலவுகிறது என்பதே ஓர் உண்மைச் செய்தி. அதை நம்பி ஜனங்கள் ஒரு தெருவைக் காலி செய்து போயிருந்தால் அது சரித்திரம். வதந்தியை வதந்தி என்று பெயர் சூட்டி எழுதுவதில் குற்றமில்லை.

நகரத்தார் வழங்கும் சொல்லையும் அப்படியே எழுதுங்கள். அதை ஆயுதத்தின் பெயராக மட்டும் மயங்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் குண்டு போட வரும் விமானம் எதுவானாலும் அது 'பொம்மர்'. பின்னாளில் வேகமாக வந்த ஜெட் எல்லாம் 'கிபிர்'. 'கிபிர் வந்தது என்றார்கள்' என்று கேள்விப் பத்தியில் எழுதி, 'இரண்டு விமானம், வடகிழக்கிலிருந்து, ஒலி பின்னால் வந்தது' என்று காட்சிப் பத்தியில் எழுதினால், விமானத்தின் ஜாதியைத் தெரிந்தவர்கள் பிறகு தீர்மானித்துக்கொள்வார்கள்.

காலத்தையும் இடத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேதி, கிழமை, மணி ஆகியவற்றைச் சம்பவத்தை எழுதுமுன் எழுதுங்கள். எழுதி முடித்தபின் போடும் மணி பெரும்பாலும் தவறாக இருக்கும். தீப்பொறியைக் கண்டு ஓசை கேட்கும்வரை விநாடிகளை எண்ணுங்கள். ஒலி ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் செல்லும் ஆதலால், ஒன்பது எண்ணினால் வெடித்த இடம் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. படம் எடுத்தால், இடிந்ததை மட்டும் நெருங்கி எடுக்காமல், இடியாமல் நிற்கும் ஒரு கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ சட்டத்துக்குள் விழும்படி விலகி நின்றும் ஒன்று எடுங்கள். இடம் எதுவென்று அதுவே சாட்சி சொல்லும், நிழலின் நீளமும் திசையும் நேரத்தைச் சொல்லும். கைபேசியில் எடுத்த மூலப்படத்தைத் திருத்தாமலும் வெட்டாமலும் தனியே வைத்துவிட்டு, பிரதியைத்தான் பிறருக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் வழியாகச் சென்று திரும்பிய படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றி உள்ளே பொதிந்திருந்த விவரம் கழன்று போயிருக்கும்.

புதுச்சேரியில் ஒரு துபாஷி

முற்றுகைக்குள்ளிருந்து தமிழில் எழுதிய ஒருவரை உதாரணமாகக் காட்டச் சொன்னால், நான் புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையையே காட்டுவேன். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய தினசரிக் குறிப்புகள், புதுச்சேரி இரண்டு முறை ஆங்கிலேயரால் வளைக்கப்பட்ட காலத்தைத் தழுவியவை. 1748 ஆகஸ்டில் அட்மிரல் பாஸ்கவன் கடலிலும் தரையிலும் நகரை நெருக்கி, மழைக்காலம் நெருங்கவே அக்டோபரில் முற்றுகையை விட்டு நீங்கினார். 1760–61இல் வந்தது நகரத்தின் கதையை முடித்த முற்றுகை. 1761 ஜனவரியில் நகரம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் பிள்ளை காலமானார்.

அவரிடம் நாம் கற்க வேண்டியவை பல. முதலாவது, தேதியை இரண்டு கணக்கில் எழுதியது: ஐரோப்பியர் ஆண்டும் மாதமும் ஒரு பக்கம், தமிழ் வருஷமும் மாதமும் கிழமையும் மற்றொரு பக்கம். ஒன்றில் கை தவறினாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை, இன்று குறிப்பெழுதுவோரும் நாள்காட்டித் தேதியோடு பிறை, அமாவாசை, ஊர்த் திருவிழா என ஏதேனும் ஒன்றைச் சேர்த்து எழுதிக் கையாளலாம். இரண்டாவது, அற்பமென்று தோன்றுவதை விட்டுவிடாதது. வியாபாரியாதலால் சரக்கும் விலையும் கடிதப் போக்குவரத்தும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. யார் யாரைப் பார்க்க வந்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது உட்பட எழுதி வைத்தார். மூன்றாவதுதான் முக்கியம். 1748 செப்டம்பரில், வெளியே பகைவர் பீரங்கி முழங்கிக்கொண்டிருக்கையில், நகருக்குள்ளே பிரெஞ்சு அதிகாரிகளே வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். முற்றுகையிட்டவர்களின் ஏடுகளில் இதற்கு இடமிருக்க நியாயமில்லை. நகரத்தை ஆண்டவர்களுக்கோ இதை விரிவாக எழுதி வைக்க ஆசையிருக்க நியாயமில்லை. அந்த அதிகாரிகளின் ஊழியத்திலேயே இருந்த பிள்ளைதான், மனம் நொந்து, அதை விரிவாக எழுதி வைத்தார். முற்றுகைக்குள் நடக்கும் கொடுமையெல்லாம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை மறவாதவரே குறிப்பெழுதத் தகுதியுள்ளவர்.

ஆயினும் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். கவர்னர் துய்ப்ளேயின் தயவில் உயர்ந்தவர் அவர். கவர்னரின் மனைவியோடு அவருக்கு ஆகாது. தம்முடைய யோசனைதான் பலித்தது என்று எழுதும் பலவீனமும் உண்டு. இவையெல்லாம் அவருடைய ஏட்டிலிருந்தே நமக்குத் தெரிகின்றன. எழுதுபவர் தம் சார்பை மறைக்காமல் விட்டால், படிப்பவர் அதைக் கழித்துக்கொண்டு படிப்பார். ஆகவே உங்கள் நோட்டின் உள்ளட்டையில், நீங்கள் எந்தச் சமூகம், எந்தத் தெரு, உறவினர் எவரேனும் எந்தப் படையிலேனும் இருக்கிறார்களா, எங்கே உண்டு எங்கே உறங்குகிறீர்கள் என்பவற்றை எழுதி வையுங்கள். அந்த அட்டையை மட்டும் தனியே பத்திரப்படுத்துங்கள்.

இங்கே இன்னொரு சம்பவம். 1760இல் உணவு தட்டுப்பட்டபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி நகரத்துச் சுதேசிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே துரத்தினார். ஆங்கிலப் படை அவர்களைத் தன் வரிசையைத் தாண்ட விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே, உள்ளேயும் சேராமல் வெளியேயும் சேராமல், அவர்கள் நாள் கணக்கில் கிடந்தார்கள். உழிஞைக்கும் நொச்சிக்கும் இடைப்பட்ட அந்த வெளிக்கு நம் இலக்கணத்தில் பூ இல்லை. நகரத்தின் குறிப்பேட்டில் அதற்குப் பக்கம் இருக்க வேண்டும்.

எண்ணுதல்

தலை எண்ணுவதில் வரும் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. அது சோற்றிலும் மருந்திலும் போய் விழுகிறது. இலங்கையில் 2009ஆம் ஆண்டு வன்னி முற்றுகை அதற்குச் சாட்சி. அது நகரமன்று, கிராமங்களும் தென்னந்தோப்புகளும் கடற்கரையும் அடங்கிய நிலப்பகுதி, நாளுக்கு நாள் சுருங்கி முள்ளிவாய்க்காலில் முடிந்தது. உள்ளே அகப்பட்டிருந்த ஜனங்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் ஒரு கட்டத்தில் சொல்லிக்கொண்டிருக்க, யுத்தம் முடிந்து முகாம்களில் வந்து சேர்ந்தவர்களோ இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அனுப்பப்பட்ட அரிசியும் மருந்தும் எந்த எண்ணை வைத்து அனுப்பப்பட்டன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இறந்தவர் எண்ணிக்கையிலும் இவ்வாறே. ஐக்கிய நாடுகள் அலுவலர்கள், ஒரு தகவலை மூன்று தனித்தனி மூலங்களால் சரிபார்த்த பின்பே சேர்ப்பது என்ற கடும் விதியோடு எண்ணியபோது, மே 13 வரையில் 7,721 பேர் என்று வந்தது, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல், நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று கருதியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல: முன்னது சரிபார்க்க முடிந்ததன் அளவு, பின்னது நடந்திருக்கக்கூடியதன் மதிப்பீடு. எது எந்த ஜாதி எண் என்று சொல்லாமல் மேடையில் வீசுகிறவர்கள்தான் இறந்தவர்களுக்குத் துரோகம் செய்கிறார்கள்.

பெயரில்லாத எண் பெருகும், அல்லது தேயும். பெயருள்ள எண் நிற்கும். போஸ்னிய யுத்தத்தில் மாண்டவர் இரண்டு லட்சம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். சரயேவோவிலிருந்த ஓர் ஆய்வு நிலையத்தார் ஊர் ஊராகச் சென்று, பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, மாண்ட இடம், மாண்ட விதம் என்று ஒவ்வொருவராகக் குறித்து 2007இல் வெளியிட்டபோது, பட்டியலில் ஏறத்தாழ 97,000 பெயர்கள் இருந்தன. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று தம்மவரே கோபித்தார்கள். ஆனால் இரண்டு லட்சத்தை மறுப்பது எளிதாயிருந்தது; அந்த 97,000 பேரில் ஒருவரை மறுக்க வேண்டுமானால் அவருடைய வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். லெனின்கிராட் முற்றுகையின் 872 நாள்களில் எத்தனையோ பெரிய ஏடுகள் எழுதப்பட்டிருந்தும், தான்யா சவிசேவா என்ற சிறுமி தன் வீட்டார் ஒவ்வொருவரும் இறந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் சிறு நோட்டின் சில பக்கங்களில் எழுதி வைத்ததை உலகம் இன்னும் பாதுகாத்து வருகிறது.

ஆகவே தெருவை அலகாகக் கொள்ளுங்கள். நகரம் முழுவதையும் எண்ணப் புகாமல், உங்கள் தெருவின் வீடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் யுத்தத்துக்கு முன் எத்தனை பேர், இன்று எத்தனை பேர், குறைந்தவர் எங்கே என்று வாரம் ஒருமுறை நிரப்புங்கள். கூடவே ஒரு படி அரிசி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு குடம் தண்ணீர், ஒரு கட்டி சோப்பு ஆகியவற்றின் விலையை ஒரே கடையில், ஒரே நாளில் விசாரித்து எழுதி வாருங்கள். 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக்குட்பட்டு மின்சாரமின்றிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கில் பிள்ளைகள் படித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், படைகளின் அறிக்கைகள் எதிலும் இல்லாதவை. அந்த வாழ்க்கையை அறிவதற்கு அவற்றைவிடச் சிறந்த ஆதாரமும் இல்லை.

யாரைக் காப்பது

எழுதுவதெல்லாம் இன்றே வெளியிடத்தக்கதன்று. அடைக்கலம் புகுந்த பள்ளிக்கூடம் எது, தண்ணீருக்கு வரிசை நிற்கும் நேரம் எது, காயம்பட்டவரை எவ்வழியாகக் கொண்டு போகிறார்கள் என்பவை இன்று வெளியானால் நாளை இலக்காகும். நடந்த இடத்தையும் நேரத்தையும் நோட்டில் துல்லியமாக எழுதி, வெளியே அனுப்பும்போது நாள் கழித்தும் இடத்தைப் பொதுப்படையாக்கியும் அனுப்புவதே முறை. சாட்சிகளின் பெயர்களை ஒரு நோட்டிலும், அவர்கள் சொன்னதை எண்குறியிட்டு மற்றொரு நோட்டிலுமாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வையுங்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நான் சொல்கிறேன்: எவ்வளவு நல்ல மாங்காய்ப் பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால், அது பூட்டே அல்ல.

வார்சா யூதச் சேரியில் இம்மானுவேல் ரிங்கல்புளூம் என்ற சரித்திராசிரியரும் அவர் தோழர்களும் இரகசியமாகத் திரட்டிய ஏடுகளைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டு மூன்று பகுதியாகப் புதைத்தார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் மிகச் சிலரே உயிர் தப்பினார்கள். 1946இல் ஒரு பகுதியும் 1950இல் மற்றொரு பகுதியும் அகப்பட்டன. மூன்றாவது இன்றுவரை அகப்படவில்லை. ஒரே இடத்தில் வைத்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும், அல்லது எல்லாம் போயிருக்கும்.

தம் தரப்பின் குற்றத்தை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர், இலங்கைப் படையையும் இயக்கங்களையும் நம் நாட்டு அமைதிப் படையையும் ஒரே தராசில் வைத்து எழுதினார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் அமைதிப் படை புகுந்து வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்ட செய்தி, தீபாவளிப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நமக்கு அப்போது எட்டவில்லை; பின்னர் 'முறிந்த பனை' போன்ற ஏடுகளின் வழியாகவே எட்டியது. அந்நூலை எழுதியவர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் பேராசிரியை ராஜனி திராணகம, அது அச்சாகி வருமுன் 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இதைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியை உங்கள் கையில் கொடுப்பது நேர்மையாகாது.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டே

முற்றுகையைப் பார்க்காதவர்கள் இதைப் பழகுவது எப்படி என்று கேட்கலாம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள தோட்டனூத்தில், இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக 2022இல் 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. யுத்தத்துக்குத் தப்பி வந்த குடும்பங்கள் இந்தச் சமவெளியில் தலைமுறை கடந்து வாழ்கின்றன. அங்கே செல்வதானால், நோட்டைப் பிரித்துக்கொண்டு செல்ல வேண்டாம். முதல் நாள் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். சொல்ல விருப்பமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். விருப்பமென்றால், 'எந்தத் தேதி அம்மா?' என்று கேட்பதில் பயனில்லை. 'மடுத் திருவிழாவுக்கு முன்னமோ, பிறகோ?' என்று கேளுங்கள். 'முன்னம்தான் தம்பி, நெல்லு அடிச்சு முடியேல்லை' என்று பதில் வரும். ஒரு திருவிழாவும் ஓர் அறுவடையுமாகச் சேர்ந்து உங்களுக்கு மாதத்தைக் கொடுத்துவிடும். 'குண்டு போட்டது யார்?' என்று நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். 'அப்புறம் என்ன நடந்தது?' என்பதற்கு மேல் ஒரு கேள்வியும் வேண்டாம். அழுதால் எழுதுவதை நிறுத்துங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் அடிக்கச் சொன்னதை அடித்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. ஒரு காலைப்பொழுதில் மலைக்கோட்டையில் ஏறி, பீரங்கி மேடையில் நின்று, சிறுமலை முதல் மேற்கே பழனி மலைத்தொடர் வரை கண்ணுக்குத் தெரிவதை அரைமணி நேரம் காட்சிப் பத்தியில் மட்டும் எழுதுங்கள். கீழே இறங்கிப் பேகம்பூரில் ஒரு டீக்கடையில் அமர்ந்து, அங்கிருந்து மலையைப் பார்த்து மற்றோர் அரைமணி நேரம் எழுதுங்கள்; ஹைதரைப் பற்றியும் அந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த பேகத்தைப் பற்றியும் கடையில் யாரேனும் ஒன்று சொல்வார்கள், அதைக் கேள்விப் பத்தியில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்து, மலையிலிருந்து கண்டதில் எது ஊருக்குத் தெரியவில்லை, ஊரில் கேட்டதில் எது மலைக்குக் கேட்கவில்லை என்று சிவப்பு மையால் கோடிடுங்கள். கோட்டையில் பொழுதுசாயுமுன் வாயிலை அடைத்துவிடுவார்கள்; தண்ணீர் கொண்டு போங்கள், மேலே கிடைக்காது.